மூன்றும் எட்டும்

மேல் நீதிமன்றப் பதிவாளர்
பெட்டிக்குள் கைவிட்டு எடுத்த துண்டில்
என் பெயர் இருந்தது.
"வில்வராசா, மின்மானி வாசிப்பாளர்."
எழுந்து நின்றேன்.
எனக்கு முன்னால் நாலு பேர்
ஜூரிக் கதிரைகளில் அமர்ந்துவிட்டார்கள்:
அரிசி ஆலைக் கணக்கர் நஸ்ருல்லா,
தபால் கந்தோர் பிலோமினா,
பேர் விளங்காத இருவர்.

எதிரியின் சட்டத்தரணி
மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.
மூன்று விநாடி இருக்கும், கூடினால் நாலு.
கேள்வி ஒன்றுமில்லை.
"ஆட்சேபிக்கிறேன்" என்றார்,
சந்தையில் சூடை மீனைப் புரட்டிவிட்டு
வேண்டாம் என்கிறவர் போல.
காரணம் சொல்லத் தேவையில்லையாம்.
நான் போகலாமாம்.

வெளி விறாந்தை வாங்கில்
சாட்சிக்கு வந்த பெண்ணொருத்தி
உதடு மட்டும் அசைய இருந்தாள்.
பாடமாக்குகிறாள்.
வாசலில் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்
யாரோ எறிந்த அழைப்பாணை உறையைச்
சப்பிக்கொண்டு நின்றது.
என் முகத்தில் எதைக் கண்டார் அந்த மனிதர்?

சொல்கிறேன்.
ஒருவேளை இதைத்தான் கண்டிருப்பார்.

பாலம் வராத காலம்.
கிண்ணியாப் பாதை கடைசி முறை கரைக்கு வந்தது.
இரண்டு லொறி, ஏழெட்டுச் சைக்கிள், நாங்கள்.
இறங்குதுறை விளக்கு சோடியம் மஞ்சள்.
அந்த வெளிச்சத்தில்
பச்சைச் சேர்ட்டும் மண்ணிறம், நீலச் சேர்ட்டும் மண்ணிறம்,
இரத்தம்கூட
சிந்திய என்ஜின் ஒயில் மாதிரித்தான் கிடந்தது.
கத்தியைப் பார்த்தேன்.
இன்றைக்கும் வரைந்து காட்டுவேன்:
மரப்பிடி, பிடியில் இரண்டு பித்தளை ஆணி,
நுனி கொஞ்சம் மடங்கியது.
பிடித்திருந்த கைக்கு மேலே
ஒரு முகம் இருந்திருக்கத்தான் வேண்டும்.

அடையாள அணிவகுப்பில் ஒன்பது பேர்.
எட்டுப் பேரை பஸ் நிலையத்தில் பிடித்து வந்திருந்தார்கள்.
கால் மாற்றி நின்றார்கள், கொட்டாவி விட்டார்கள்,
ஒருவன் மூதூர் லாஞ்ச் போய்விடுமே என்று முணுமுணுத்தான்.
ஐந்தாவது ஆள்
எச்சில் விழுங்கினான்.

அவன் தோளைத் தொட்டேன்.

சேர்ட்டுக்குள்ளிருந்து சூடு தெரிந்தது.
"நிச்சயமா?" என்றார் நீதவான்.
"ஓம்."
அந்த ஓம் சொன்ன பிறகுதான்
ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது,
புருவத் தழும்பு, முன்பல் இடைவெளி, கீழுதட்டு மச்சம்.
வழக்கு விளங்கிய நாளில்
பட்டப்பகலில் அவனோடு கதைத்துக்கொண்டு வந்தவன் போலச் சொன்னேன்.
குறுக்கு விசாரணையில் ஒரு சொல் பிசகவில்லை.
"நல்ல சாட்சி" என்று
பொலிஸ்காரர் பிளேன்ரீ வாங்கித் தந்தார்.
சீனி கூட.
எத்தனை வருஷம் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

என் வேலையில் ஒன்று உண்டு.
படிக்கட்டுக்குக் கீழே, நுளம்புக்கும் இருட்டுக்கும் நடுவில்
மானியைப் பூட்டியிருப்பார்கள்.
மூன்றா எட்டா தெரியாது.
போன மாதத்து எண்ணைப் பார்த்து
எது வரவேணுமோ அதை எழுதுவேன்.
பிழையென்றால் சனம் கந்தோரில் வந்து சத்தம் போடும்,
அடுத்த மாதம் கழித்துவிடலாம்.

உட்துறைமுக வீதியால் நடந்தேன்.
தண்ணீர் அசையாமல் கிடந்தது, கப்பல் ஒன்றுமில்லை.
இந்நேரம் ஏழு பேரும் சத்தியம் செய்திருப்பார்கள்.
முகம் பார்த்து எடுத்த ஏழு பேர்,
முகம் பார்த்தேன் என்று சொல்லப்போகிற ஒருத்தியை
முகம் பார்த்து நம்புவதற்கு.

இரவு மங்களேஸ்வரி கேட்டாள்,
"கூட்டில் நின்றவன் எப்படி ஆள்?"
சோற்றைக் குழைத்தபடியே சொன்னேன்:
முப்பது வயது இருக்கும்,
புருவத்தில் ஒரு தழும்பு,
முன்பல்லில் இடைவெளி...

கை நின்றது.
அவன் இன்றைக்கு
வாயைத் திறக்கவேயில்லை.