இன்னும் உள்ளே

வால்டிவியாவில் ஜூன் பிறந்தால் மழை நிற்காது.
திங்கள் காலை, குடையைக்கூட உதறாமல்
இயக்குநர் எரிபெர்த்தோ கேட்டார்:
"ஓதக் கணக்கு பாதியில் செத்துக் கிடக்கிறது, யஸ்னா.
நேற்று ராத்திரி கணினியில் யார் இருந்தது?"

எழுபத்தொரு பேருக்கு ஒரே இயந்திரம்.
அது யாரையும் மறப்பதில்லை. யாரையும் அறிந்ததுமில்லை.
ஒரு சொல் தட்டினால் போதும்,
கடைசியில் வந்தவர் தலைமாட்டில் நிற்க
வரிசை கீழிறங்கும்:
பெயர், முனையம், நுழைந்த மணி, கிளம்பிய மணி.

கிஸ்லேன், வழக்கமான இருபது நிமிடம்.
பேராசிரியர் ஒலேகாரியோ,
எதையோ மறந்தவர்போல் வந்து, போய், திரும்ப வந்து.
அப்புறம் ஒரே பெயர், திரும்பத் திரும்ப.
அலிரோ நெக்குல்மான், கீழ்த்தளம், ஆறாம் முனையம்.
வெள்ளி 23:48 முதல் 06:05.
வியாழன் 23:51 முதல் 06:02.
மே பன்னிரண்டு வரைக்கும் பின்னோக்கிப் போனேன்,
ஓர் இரவு விடவில்லை.

தோண்டிப் பார்த்தேன்.
ஒரு நிரல் ஓடவில்லை, ஒரு கோப்பு திறக்கவில்லை.
ஆறு மணி நேரம் ஒரு விசையும் தொடாமல்
இருபது வயதுப் பையன் திரைக்கு முன்னால்
என்னதான் செய்வான்?

சிக்கனத்துக்காக நானே எழுதி வைத்த விதி
அப்போதுதான் ஞாபகம் வந்தது:
யாரும் உள்நுழையாத அறையில்
நள்ளிரவோடு ஹீட்டர் அணையும்.

நேற்று ராத்திரிக்குத் திரும்பினேன்.
02:17. அவன் பெயருக்கு எதிரே கிளம்பிய மணி இல்லை,
'செயலிழப்பு' என்று மட்டும்.
02:31. மறுதொடக்கம்.
அதுவும் ஓர் ஆளைப்போல வரிசையில் நிற்கிறது.
02:33. அலிரோ.

இயந்திரம் எழும்வரை
கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

அறிக்கையில் ஒரே வரி எழுதினேன்:
மழையில் மின்சாரம் போனது.

அன்று மாலை கீழ்த்தளத்துக்கு இறங்கி
முதல் முனையத்தில் என் பெயரில் நுழைந்தேன்.
திரையை மட்டும் அணைத்தேன். வெளியேறவில்லை.
மீன் சந்தைக் கரையில் கடற்சிங்கங்கள் கத்திக்கொண்டிருந்தன.
வீட்டுக்குப் போனதும் விறகு ஈரம், அடுப்பு பிடிக்க
ரொம்ப நேரமாயிற்று.

ஒரு நாள் அலுப்பில் நுழைய மறந்து தூங்கியிருப்பான்.
குளிரவில்லை என்பது விடிந்தபின் உறைத்திருக்கும்.
எப்படியோ, இப்போது பட்டியலில் அவன் இல்லை.
என் பெயர் இருக்கிறது, நாற்பது நாளாக,
கிளம்பிய மணி வரவேண்டிய இடத்தில்
'இன்னும் உள்ளே'.
மாதக் கணக்கைப் புரட்டிய இயக்குநர் சிரித்தார்:
"உனக்கு வீடு வாசலே கிடையாதா, யஸ்னா?"
நானும் சிரித்து வைத்தேன்.

நேற்று புதிதாய் ஒரு வரி.
அலிரோ, ஆறாம் முனையம்.
நுழைந்தது 00:04, கிளம்பியது 00:04.
ஒரு நிமிடம்கூட இல்லை.
பழக்க தோஷமாகவும் இருக்கலாம்.