துவைக்காத துணி

நாகமலை புதுக்கோட்டைக்குப் பின்னால்
மாமனார் நட்டப்பட்டு மூடிய கோழிப்பண்ணை.
தகரக் கூரை, பன்னிரண்டு தடுப்பு,
மூலையில் ஆள் உயரத்துக்கு முட்டை அட்டை.
இதில் நாய் வைக்கலாம் என்றேன்.
ஷேர் ஆட்டோவின் டயரை உதைத்துப் பார்த்தபடி
சோணைமுத்து கேட்டார்:
நாய்க்கு லாட்ஜா?

லாட்ஜ்தான்.

நாள்காட்டித் தாளின் முதுகில் போட்ட கணக்கு.
தலைக்கு நாளொன்றுக்கு முந்நூற்றைம்பது.
அரிசி, கோழிக் கழுத்து, மஞ்சள்தூள் எண்பது.
ஒச்சம்மா கூலி, கரண்டு, பினாயில்.
பினாயிலை அடித்துவிட்டு வெந்நீர் என்று எழுதினேன்,
தரையை நக்கும் என்று
டாக்டர் அமலோற்பவம் திட்டியதற்குப் பிறகு.
எப்போது கூட்டம் வரும் என்றும் எழுதினேன்.
மே மாதம், கொடைக்கானல்.
சித்திரையில் வீடு கொள்ளாமல் விருந்தாள்,
கடிக்கிற நாய் எங்கே போகும்?
தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளை வருவார்,
மாப்பிள்ளைக்கு நாய் என்றால் பயம்.

வங்கியில்
கறவை மாட்டுக்குத் திட்டம் இருக்கும்மா என்றார்கள்.
ஆட்டுக்கு இருக்கிறது, காடைக்குக்கூட.
நாய் என்ன கறக்கும்?
கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து
பன்னிரண்டு கழுத்துக்குச் சங்கிலி வாங்கினேன்.

முதலில் வந்தது
திருநகர் ஸ்டீபன் சாரின் சிப்பிப்பாறை.
இரண்டு நாள் சோற்றை முகரவில்லை.
ஈரல் வைத்தேன். தயிர் வைத்தேன்.
போனில் சார் குரலைப் போட்டுக் காட்டினேன்,
போனை மோந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பியது.
மூன்றாம் நாள் அவர் தம்பி வந்து
அழுக்குக் கைலி ஒன்றைக் கம்பி வழியே எறிந்தான்.
அதைச் சுருட்டி, மிதித்து, மூன்று சுற்றுச் சுற்றி
அதன்மேல் படுத்தபின்தான்
தட்டுப் பக்கம் பார்த்தது.

அன்றைக்கே பலகையில் ஏற்றினேன்.
வெறிநோய் ஊசி அட்டை கட்டாயம்.
சினை என்றால் முன்னமே சொல்லவும்.
வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதவும்.
வீட்டுத் துணி ஒன்று கொண்டுவரவும்,
துவைக்காதது.

தீபாவளிக்குப் பதினொன்று.
வெடிச் சத்தத்துக்காக
முட்டை அட்டைகளை மைதாப் பசை காய்ச்சிச்
சுவரெல்லாம் ஒட்டியிருந்தோம்.
பசை ருசி கண்ட லாப்ரடார்
இடுப்பு உயரம் வரை தின்றுவிட்டது.
அதற்கு மேல் நின்றது.
அந்த அளவுக்குச் சத்தமும் குறைந்தது
என்றுதான் சொல்ல வேண்டும்.

எட்டு மணிக்குக் கரண்டு போனது.
ஒச்சம்மா பேரப்பிள்ளைகளிடம் போயிருந்தாள்.
சோணைமுத்து பெரியாருக்கும் மாட்டுத்தாவணிக்கும்
இடையில் எங்கோ ஓட்டிக்கொண்டிருந்தார்,
இன்றைக்கு விட்டால் பிடிக்க முடியாத வசூல்.
நான் டார்ச்சோடு தடுப்புத் தடுப்பாய்ப் போனேன்.

பொமரேனியன் ஒரு நைட்டிக்குள், சாம்பிராணி வாசம்.
கன்னி நாய் ஒரு துண்டுக்குள், லேத்துப் பட்டறை எண்ணெய்.
தைலம் மணக்கும் போர்வை,
பால் புளித்த குழந்தைத் துணி,
யாரோ ஒருவரின் பள்ளிச் சட்டை, பையில் சுண்ணக்கட்டி.
ஒவ்வொரு மூக்கும்
ஒவ்வொரு வீட்டுக்குள் நுழைந்திருந்தது.
மலைப்பக்கம் சரவெடி எழும்போது
இன்னும் கொஞ்சம் உள்ளே போயின.

கணக்கில் முந்நூற்று நாற்பது இடிக்கிறது.
கேட்டுக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நின்ற
தெருநாய்கள் நான்குக்கும் வைத்த கழுத்துகள்.
எந்தத் தலைப்பில் எழுத என்று தெரியாமல்
"இதர" என்று போட்டுவைத்தேன்.

மெழுகுவத்தி தீர்ந்தது.
அடுத்த வெடிக்கு
பதினொன்றும் சேர்ந்து ஊளையிட்டன,
எனக்கும் என்னவோ போலிருந்தது.
ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை
இருட்டில் தடவி எடுத்தேன்.
டீசல், வேர்வை, சில்லறைக் காசின் துரு.

துவைக்க வேண்டியதுதான்.
நாளைக்கு.