ஆறாவது பூட்டு

போரா காற்று அடிக்கும் நாட்களில்
த்ரியெஸ்தே முழுக்க எனக்கு வேலை.
கதவு தானே அறைந்து சாத்திக்கொள்ளும்,
சாவி உள்ளே, ஆள் வெளியே,
வீட்டுச் செருப்போடு படிக்கட்டில் நடுக்கம்.
ஐந்து நிமிடம். ஒரு நன்றி. முடிந்தது.

காற்றே இல்லாத நாளில் கூப்பிடுகிறவர்கள் வேறு.

ரோயானோவில் மார்சிக் என்றொரு கணக்காளர்.
கைப்பிடியில் எட்டுத் திருகாணி.
எட்டின் பிளவும் நட்டுக்குத்தாக நிற்க வேண்டும்.
நின்றன.
ஏழாவது மட்டும் மயிரிழை சாய்ந்திருக்கிறதாம்.
கீழே வாடகைக் கார் ஒலியெழுப்பிக்கொண்டே இருந்தது;
மகளுக்கு அன்று பதினோரு மணிக்குக் கல்யாணம்.
"மறுபடி கழற்றுங்கள்" என்றார்.
மணி பதினொன்று பத்து.

நோட்டரி வீட்டுப் பித்தளைக் கதவில்
என் விரல் கிழிந்தது.
"கதவில் ரத்தம் படாமல்" என்றார்,
இதைப்போல் இந்தக் கடற்கரையில் இன்னொன்று இல்லை என்று
மூன்றாம் முறையாகச் சொல்லும் நடுவில்.

நெரீனா கூப்பிட்டது இரவு இரண்டு மணிக்கு:
அவனை விரட்டிவிட்டேன், பூட்டை மாற்று.
மாற்றினேன். கட்டிக்கொண்டு அழுதாள்,
இந்த ஊரில் எனக்கென்று நீ ஒருத்திதான் என்றாள்.
பெட்டியை மூடுவதற்குள்:
குளிரில் செத்துப்போவான், பழைய பூட்டையே போடு.
விடியட்டும் என்றேன்.
"நீயும் போ. எல்லாரும் போகிறவர்கள்தான்."
சட்டைக் கையை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்ட
அந்த அவசரத்தைப் பார்த்தேன்.
விடியும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொருவருக்கு முகமே தெரியாது.
வாசலைத் திறந்துவிட்டு உள்ளறைக்குள் போய்விடுவார்,
பணம் அந்தக் கதவின் அடியால் வரும்.
ஆறு வருடத்தில் ஒரு தடவை
பணத்தோடு ஒரு தட்டைச் சாக்லேட்டும்
"தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்ற துண்டுச் சீட்டும்.

ஒந்தீனாவிடம் சொன்னேன்.
மனநல மையத்தில் செவிலி அவள்.
ஆளுக்கொரு நோயின் பெயர் கிடைக்கும் என்று நினைத்தேன்.
கேள்விதான் கிடைத்தது:
"எத்தனை வருடமாக?
கதவடியில் மட்டுமா,
வேலையில், படுக்கையில், சாப்பாட்டு மேசையிலுமா?
ஒரு கெட்ட இரவைப் பார்த்துவிட்டு
ஆளையே பார்த்துவிட்டதாக நினைக்கிறாயா?"
காப்பிக்கு அவளே பணம் கொடுத்தாள்.

ஆனாலும் கொசூத்தா அம்மாளை எனக்குத் தெரியும்.
பத்து வருடம், ஒரே கதவு, ஆறு பூட்டு.
துளையிட்ட இரும்புத் தூளைப் பொறுக்கி
உறையில் போட்டுத் தேதி எழுதுவாள்.
போன தடவை வந்தது நீ இல்லை என்பாள். நான்தான்.
பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னால்
ஏன் இன்றைக்குச் சொன்னான்?
தங்கை ஈஸ்டருக்கு அனுப்பிய ரொட்டி குப்பைக்குப் போனது,
முடிச்சு வேறு மாதிரி இருந்ததாம்.
ஒருநாள் இரக்கப்பட்டுப் பாதி விலை சொன்னேன்.
முகம் இருண்டது.
"மீதியை உனக்கு யார் தருகிறார்கள்?"

அன்றிலிருந்து முழு விலை, ரசீது,
அவள் சாவியைச் சோதிக்கும்போது
சொல்லுமுன்பே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.
எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

போன பிப்ரவரி. போரா.
படிக்கட்டில் வீட்டுச் செருப்போடு கொசூத்தா அம்மாள்,
எல்லாரையும் போல.
ஆறும் தாமே விழுந்து பூட்டிக்கொள்ளும் வகை,
அவளே கேட்டு வாங்கியது.
"என் சாவி உன்னிடம் இருக்கும்" என்றாள்.
பத்து வருடக் குற்றச்சாட்டு;
அன்று மட்டும் அதில் ஒரு கெஞ்சல்.

"இல்லை."

நம்பினாளா, ஏமாந்தாளா, தெரியவில்லை.
படியில் உட்கார்ந்துவிட்டாள்.

முக்கால் மணி நேரம், ஒவ்வொன்றாக.
ஐந்தாவது விட்டுக்கொடுத்தபோது திரும்பினேன்:
எழுந்து, சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்,
நான் நிற்கும் அதே இடத்தில்,
முதுகை என்னிடம் விட்டுவிட்டு.

கதவு திறந்தது. ரசீது எழுதினேன்.
இரண்டு முறை படித்தாள்.
"நாளைக்கு வா" என்றாள். "ஏழாவது."