நாற்பது நிமிடம்

டப்பாவில் எழுதியிருந்தது:
கலந்தபின் நாற்பது நிமிடம்.
அதற்குள் ஊற்றி, பரப்பி, ஓரம் தீட்டி
வெளியேறிவிட வேண்டும்.
ஓர் ஆளால் ஆகாது என்று எழுதவில்லை.
அதை நானே கணக்குப் போட்டுக் கண்டுகொண்டேன்.

தண்டர் பேயில் ஜூன் மாதச் சனிக்கிழமை
யாரும் வீட்டில் இருப்பதில்லை.
பக்கத்து வீட்டு லெம்பிகூடப்
படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாள்.
மிச்சமிருந்தது ஒரே ஒரு எண்.
இரண்டு வருடமாய் அழுத்தாத எண்.

தௌனோ வந்தான்.
கராஜ் தரைக்கா கூப்பிட்டாய், என்றான்.
தரைக்குத்தான், என்றேன்.

வலது மூலைக் கறை அவனுடையது.
அவன் பனிவண்டி ஒன்பது குளிர்காலம் ஒழுகி ஒழுகி
வரைந்துவிட்டுப் போன ஏதோ ஒரு நாடு.
அமிலம் ஊற்றியபோது மற்ற இடமெல்லாம்
சோடாவாய்ப் பொங்கியது.
அங்கே மட்டும் சத்தமில்லை.
சோப்பு, கரைப்பான், மறுபடி சோப்பு,
கடைசியில் மண்டிபோட்டுக் கம்பித் தூரிகை.
பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன்.
முத்தாய் நின்றால் தரை இன்னும் தயாரில்லை,
உள்ளே போனால் சரி.
போனது.
கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.

ஏ என்று ஒரு டப்பா. பி என்று ஒரு டப்பா.
"தனித்தனியே இருந்தால் வருடக்கணக்கில் கெடாது.
சேர்த்தபின் பிரிக்க இயலாது."
உரக்கப் படித்தேன்.
அவன் நிமிர்ந்து பார்த்தான்.
லேபிளைத்தான் படிக்கிறேன், தௌனோ.
கலக்கு.

டிரில் முனையில் துடுப்பு சுற்றியது.
வாளியின் வயிறு வெதுவெதுத்தது.
உள்ளேயே வைத்திருந்தால்
தன் சூட்டில் தானே கல்லாகிவிடும்.
கொட்டிவிட்டால்தான் கொஞ்சம் ஆயுள்.
சாம்பல் நிற நாடாக்களாய்க் கொட்டினோம்.

நான் சுவரோரம் பிரஷ்ஷோடு, பின்னோக்கித் தவழ்ந்து.
அவன் ஆணிச் செருப்பு மாட்டிக்கொண்டு
ஈரத்தின் நடுவே, உருளையோடு,
உறைந்த ஏரியில் தொலைந்துபோன ஆள் மாதிரி.
அவன் கால் தூக்கிய இடமெல்லாம்
ஆணிக்குழிகள் கண் திறந்து,
மெல்ல, தாமாகவே, மூடிக்கொண்டன.

இர்யா, மணி?
இருபத்தி இரண்டு.
பிறகு,
இர்யா, நீ இளைத்துவிட்டாய்.
இருபத்தி மூன்று, என்றேன்.

செதில்கள் தூவும் முறை வந்தது.
வெள்ளையும் நீலமும், ஒரு பை நிறைய.
கீழே எறியாதே, மேலே வீசு, தானாய் விழட்டும் என்றேன்.
வீசினான். கராஜுக்குள் ஒரு சின்ன அகாலப் பனி.
ஒழுங்காகத்தான் வீசிக்கொண்டு வந்தான்,
வலது மூலை வரும்வரை.
அங்கே இரண்டு பிடி கூடுதல்.
நான்கு முறை தேய்த்ததில் கறையே இல்லை அங்கே.
இருந்தும் அந்த இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

நான் பார்க்காதது போல ஓரத்தைத் தீட்டினேன்.
தீட்டிய ஓரத்தையே மறுபடி.

விளக்கைச் சுற்றிய ஏரிப்பூச்சி ஒன்று
ஈரத்தில் விழுந்து சிறகை அடித்தது.
எடுக்கக் குனிந்தான். வேண்டாம் என்றேன்.
எடுத்தால் பூச்சியும் பிழைக்காது,
தரையும் பிழைக்காது.
முப்பத்தி எட்டு. வெளியே வா.

வாசலுக்கு ஓரடி இருக்கையில்
கலவை தடித்துவிட்டது.
கடைசிக் காலடி மட்டும் மூடவில்லை.

தார்ச்சாலையில் டக்டக்கென்று தன் வண்டிவரை போனவன்
ஆணிச் செருப்பைக் கழற்றத் திரும்பி வந்தான்.
காலி வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்து
காப்பி குடித்தோம்.
காரை எப்போது விடலாம்?
மூன்று நாள்.
தலையாட்டினான். கோப்பையைக் கழுவித் தருகிறேன் என்றான்.
சமையலறைக்கு கராஜ் வழியாகத்தான் போக வேண்டும்.
இருவரும் தரையைப் பார்த்தோம்.
விடு, என்றேன்.

நான் ஐந்து நாள் விட்டேன்.

இப்போது நவம்பர்.
சக்கரத்திலிருந்து உப்பும் பனியும் உருகி
தரை முழுக்க வழுக்கி ஓடுகிறது.
எதுவும் ஒட்டுவதில்லை, சொன்னபடியே.
வாசலோரப் பதின்மூன்று குழிகளில் மட்டும்
தண்ணீர் கொஞ்சம் நிற்கிறது.
துடைப்பத்தால் தள்ளினால் போகாது.
துணி வேண்டும், குனிய வேண்டும்.