ஒன்றுவிட்ட இலை

லா கோமேராவின் வடக்குச் சரிவில்
மணி பத்தாகியும் மேகம் எழுந்திருக்கவில்லை.
கயிற்றில் தொங்கியபடி ஆர்மிந்தா
ஓர் இலையைக் கிள்ளி வாளியில் மேலே அனுப்புகிறாள்.
தடித்த இலை. ஓரமெல்லாம் பூனைமயிர்.
சிலிக்கா மணிப் பையில் போட்டு எழுதுகிறேன்:
நாற்பத்தேழு. நிழல் முகம். பூக்கவில்லை.
விரலில் பிசின்;
பேனா கையை விட மறுக்கிறது.

இங்கே இதற்குப் பெயர் பெஹேக்கே.
அந்தப் பெயரில் எத்தனை செடிகள் என்றால்
"பாறை எத்தனையோ, அத்தனை" என்பாள்.
ஆடு மேய்ப்பவள்.
கள்ளிப்பால் கண்ணில் தெறித்த அன்று
இப்படியொரு பிசுபிசு இலையைத்தான் பிழிந்துகொண்டாளாம்.
எந்த இனம் என்று கேட்டேன்.
எரிச்சல் தீர்த்த இனம் என்றாள்.

ஐந்து வருடம் அளவுகோலோடு அலைந்தவன் நான்.
இலையின் நீளம், இதழ்க் கணக்கு,
உதிர்ந்த இடத்தில் தண்டின் வடு,
மயிர்முனையில் சுரப்பி உண்டா
(உண்டென்றால் ஒன்று, இல்லையென்றால் சைபர்).
தெனெரிஃபேயின் கடல்முகத்தில்
தட்டுபோல் பாறையை அப்பிக் கிடப்பதும்
இங்கே அப்பிக் கிடப்பதும்
அக்காள் தங்கை என்று எழுதினேன்.
அச்சிலும் வந்தது.
நூலைப் போலத்தானே சேலை.

பிறகு லா லகூனாவில்,
குளிர்பெட்டியின் முனகலுக்குப் பக்கத்தில்,
நூலையே பிரித்தோம்.

நான்கே எழுத்து.
மூன்று வாரம் அதையே படித்தால்
சாப்பாட்டுத் தட்டிலும் நான்கே எழுத்து.
எலீசியோ திரையில் மரத்தை விரித்தபோது
என் அக்காளும் தங்கையும்
ஆளுக்கொரு மூலைக் கிளையில்,
கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்போல.
இந்தத் தட்டின் உடன்பிறப்பு
இதே பள்ளத்தாக்கில் வெயில் பக்கம்
இடுப்புயரக் கட்டையோடு
மஞ்சள் கொத்து தூக்கி நிற்கும் புதர்.
அதன் கிளையில்தான்
ஐந்து வருடமும் என் தொப்பியை மாட்டினேன்.

அது போதாதென்று
பசுங்கணிகம் தாய்வழியில் ஒரு கதை சொன்னது,
உட்கரு வேறொன்று சொன்னது.
எந்தக் காலத்திலோ ஒரு தேனீ
யாரையும் கேட்காமல்
சம்பந்தம் பேசி முடித்திருக்கிறது.

திருத்தம் எழுதும் முன்
இன்னொரு தடவை பார்க்கப் போனேன்.
நாற்பத்தேழு பூத்துவிட்டிருந்தது.
பூத்தால் சாகும் வகை.
நடுவில் ஒரு காய்ந்த தண்டு, சுற்றிலும் சருகு,
ஊதினால் புகையாய்ப் போகும் விதை.
"பக்கத்து ஈரத்தில் குஞ்சுகள் இருக்கு, எண்ணணுமா?"
கீழிருந்து ஆர்மிந்தாவின் குரல்.
எண்ணச் சொன்னேன்.
இருபதுக்குமேல் அவளுக்குப் பொறுமையில்லை.

பாதி வழி இறங்கியபின்தான்
தலையில் வெயில் உறைத்தது.
தொப்பி புதரிலேயே தங்கிவிட்டது.
இருக்கட்டும்.
உறவுக்காரர் வீடு.