பச்சை மீன்

கீழக்கரையில் நான் அடிக்கிற ஃப்ளெக்ஸில்
பாதி கல்யாணம், மீதி கண்ணீர் அஞ்சலி.
எந்தப் போர்டுக்கும் இதற்கு முன்
இரண்டு நாள் யோசித்ததில்லை.

மீரா களந்தர் கொண்டுவந்த தாளில்
ஒன்பது உருப்படி, ஒன்பதும் ஜப்பான்.
ஒசாகாவில் ஆறு வருஷம் கத்தி பிடித்தவன்
கடற்கரைச் சாலையில் நாலு பிளாஸ்டிக் மேசை போட்டுக்
கடை திறக்கிறான், வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு.
"அந்தப் பேரும் இருக்கட்டும் காக்கா,
பக்கத்துலயே நம்ம பேரும் போடுங்க.
சனம் பயப்படாம உள்ள வரணும்."

சுஷி, சாஷிமி அடிப்பதில் சிரமமில்லை.
ஷ-வுக்கு ஷிப்ட்டை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.
பக்கத்தில் என்ன எழுதுவது?

காடி ஊற்றிப் பிசிறிய சோற்றைப்
புளிச்சோறு என்றால் பெருமாள் கோயில்,
புளித்த சோறு என்றால் நேற்றைய மிச்சம்.
சோற்றைச் சுற்றுகிற கறுப்புத் தாளைக்
கடல்பாசி என்றேன்.
"ஐயோ காக்கா, நோன்பு தொறக்குற இனிப்புன்னு நெனச்சு
ரோஸ் கலர் எங்கேன்னு கேப்பாங்க."
வேகாத மீன்: யாரையோ திட்டுவது போலிருந்தது.
சமைக்காத மீன்: சோம்பேறியின் கடை.
நெருப்பறியா மீன் என்று ஒருமுறை அடித்துவிட்டு
நானே சிரித்து அழித்தேன்.

ஐஸ் வண்டி சேவுகன் வந்தான்,
பிள்ளைக்குப் பேர் வைக்க, நாலுக்கு ஆறு.
போட்டோவைக் கொடுத்தவன் நிற்கவில்லை.
"சீக்கிரம் அண்ணே. வீட்டுல பச்ச உடம்புக்காரி,
பால்சுறா கெடைக்குதான்னு பாக்கணும்."

அவன் சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர்
தரையில் காய்வதற்குள் எனக்குப் பிடிபட்டது.
பச்சை உடம்பு.
பச்சைப் பிள்ளை. பச்சைத் தண்ணி.
இன்னும் எதுவும் ஏறாதது,
தொட்டால் நோகிறது.
கருவாடு அல்லாத எல்லாவற்றுக்கும்
தெருத்தெருவாகக் கூவித் தேய்த்து வைத்திருந்தோம்
அந்தச் சொல்லை.

பச்சை மீன், கூறு ஐந்து துண்டு.
கீழே: சூரை, பாரை, ஊளி, கணவாய்.
களந்தர் இரண்டு தரம் வாசித்தான்.
கூறு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றான்.
"அடிங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை
முதல் ஆளாக வந்தது ஹவ்வா பீவி, வயர்கூடையோடு.
போர்டைப் பார்த்தாள். களந்தரைப் பார்த்தாள்.
"சூரை கிலோ என்ன வெல?"

பாக்கி வாங்க நானும் அங்கேதான் நின்றேன்.
விளக்கப் போகிறான் என்று நினைத்தேன்,
நாணத்தில் என் காது சூடேறியது.
அவன் ஐஸுக்குள் கைவிட்டு ஒரு சூரையை எடுத்து
செவுளைத் திறந்து காட்டினான்.
அவள் கட்டைவிரலால் அமுக்கினாள்.
குழி விழவில்லை.
பிறகு அந்த நீளக் கத்தி,
ஒரே இழுப்பு, திரும்பிப் போகவில்லை,
மாதுளம் முத்தின் நிறத்தில் ஒரு கண்டம் சாய்ந்தது.
"அறுக்குறியா, தடவிக் குடுக்குறியா?" என்றாள்.

தட்டில் ஒரு துண்டை நீட்டினான்.
முகர்ந்தாள்.
"மீன் வாடையே இல்லையே."
குறையா, மெச்சலா,
இன்றுவரை தெரியாது.
தின்னவில்லை.
"தலய என்ன பண்ணுவ?"
"தூக்கிப் போடுறதுதான் மாமி."
கூடையை விரித்தாள்.
"புத்தி கெட்டவனே, இங்க போடு. ஆணத்துக்கு ஆகும்."

இப்போது தினம் ஆறு தலை அந்தக் கூடைக்கு.
ராமநாதபுரத்திலிருந்து காரில் வருகிறார்கள்,
சாஷிமியைப் படமெடுத்துவிட்டு
மிளகாய்ப்பொடி இருக்கா என்கிறார்கள்.
இருக்கிறது.
கிலோ விலை கேட்கிறவர்களும் குறையவில்லை.

வேறு போர்டு அடித்துத் தருகிறேன் என்றேன்,
காசு வேண்டாம் என்றும் சொன்னேன்.
"கெடக்கட்டும் காக்கா" என்றான்.
சோயா சாஸ் புட்டிகளுக்குப் பக்கத்தில்
புதுசாக ஒரு தராசு இருந்தது.