பதினொரு விநாடி

கிரைஃப்ஸ்வால்டில் ஜனவரி.
நாலு மணிக்கே கடையைக் கட்டிவிடுகிறது சூரியன்.
ரிக் ஆற்றின் மேல் விரல் கனத்துக்குப் பனிக்கட்டி,
படகுகள் அதில் அசையாமல் நிற்கின்றன,
வாய்தா வாங்கிய சாட்சிகள்போல்.

நிலவறைக் கூடத்தில் வீப்கே ராட்ஸாக்
ஒரு கண்ணாடித் தொட்டியில் ஒரு குவளை நீர் ஊற்றி
அதன்மேல் ஓர் அரிசி நீளம் இடைவெளி விட்டு
ஊசி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறாள்.
ஊசி நீரில் படக்கூடாது.
பட்டால் அது வேறு சோதனை.

முதலில் வெறும் ஹீலியம்.
ஊசியைச் சுற்றிய குழாய்வழி மெல்ல இறங்கி
நீர்முகத்தில் மோதி நாலாபக்கமும் விரிகிறது.
நீரும் கூடவே விரிந்து
விளிம்புக்குப் போய், சுவரோரம் இறங்கி,
அடியில் திரும்பி, நடுவில் மேலேறுகிறது.
இதில் வியக்க ஒன்றுமில்லை.
தேநீரை ஊதிக் குடித்த எவருக்கும் தெரிந்ததுதான்.

பிறகு மின்சாரம்.
ஐயாயிரம் வோல்ட்,
விநாடிக்கு இரண்டாயிரம் துடிப்பு.

ஊசிமுனையில் ஓர் இழை முளைக்கிறது.
அதன் நிறத்துக்குத் தமிழில் ஊதா என்று பேர்.
ஊதாதது என்றும் படிக்கலாம்,
படித்தால் தவறு.
அது ஊதுகிறது:
எலெக்ட்ரானைப் பறிகொடுத்த அணுக்கள்
பிடரியில் மின்புலம் கைவைத்துத் தள்ள,
வம்புதும்புக்குப் போகாத மூலக்கூறுகளை
வழியெல்லாம் இடித்து இடித்து
கூட்டத்தையே நகர்த்திவிடுகின்றன.
விசிறி இல்லை. இறக்கை இல்லை.
எள் வெடிப்பதுபோல் ஒரு சடசடப்பு,
மூக்கைக் கிள்ளும் ஓசோன் வாடை.

நீரில் கலந்திருந்தது நிறங்காட்டி: நீலம்.
அமிலம் பட்டால் மஞ்சள்.
இழை விழுந்த இடத்தில் காற்றின் நைட்ரஜன்
உருமாறிக் கரைய, ஒரு மஞ்சள் புள்ளி.
விளிம்புக்கு ஓட வேண்டிய புள்ளி
ஓடவில்லை.
நடுவிலேயே தலைகுப்புற இறங்கியது
ஒரு தண்டுபோல், அடிவரை.
மேற்பரப்பு நீரோ விளிம்பிலிருந்து
நடுவைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"சூடு," என்றான் ஹென்னிங்,
பம்பு பழுதுபார்க்க வந்தவன்,
கையில் பாதி தின்ற மீன் ரொட்டி.
"சூடென்றால் மிதக்கும். இது முங்குகிறது."
"அப்படியானால் உன் மேசை சாய்ந்திருக்கிறது."
ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள்.
குமிழி நட்டநடுவில் நின்றது.
அவன் மீதி ரொட்டியைத் தின்றான்.

அவளுக்கும் முழுதாய்த் தெரியாது.
நீர்த்தோலில் சேர்ந்த மின்னூட்டம் இழுக்கிறதா,
அந்தத் தோலின் விறைப்பே இடத்துக்கிடம் மாறுகிறதா,
மேலிருந்து அயனிக்காற்று அழுத்துகிறதா,
இல்லை, மூன்றும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறியா.
நோட்டில் மூன்று கேள்விக்குறி போட்டாள்.
மூன்றாவது கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

சுவிட்சை அணைத்தாள்.
இழை போயிற்று.
நீர் நிற்கவில்லை.
தள்ளியது போய்விட்ட சேதி
இன்னும் அடிவரை வந்து சேராததால்
இறங்கிக்கொண்டே இருந்தது அது,
நாலு, ஐந்து,
எட்டாவதில் சற்றுத் தளர்ந்து,
பதினொன்று.
அப்புறம் ஒரு கணம் எந்தப் பக்கமும் இல்லாமல் தயங்கி
ஹீலியம் சொன்ன பக்கம் திரும்பிற்று.

இழுப்பறையில் நிர்வாகத்தின் கடிதம் கிடக்கிறது.
மார்ச்சோடு பணம் இல்லையாம்.
முதல் பத்தியோடு மடித்து வைத்தது.
வந்தது திங்கள், இன்று வியாழன்.
இந்த மூன்று நாளில் அவள் ஒரு நாள்கூடப் பிந்தி வரவில்லை.

மறுபடி சுவிட்சு. மறுபடி ஊதா.
மஞ்சள் தண்டு அடியைத் தொட்டதும் அணைத்தாள்.
இம்முறை ஹீலியத்தையும் அடைத்தாள்,
திருப்ப எதுவும் இல்லாவிட்டால்
எவ்வளவு நேரம் போகும் என்று பார்க்க.
ஹென்னிங்கிடம் நிறுத்துகடிகாரம்.

பதினொன்று கழிந்தது.
இருபது.
நாற்பதைத் தாண்டியபோது
பம்பை மறந்து
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான் அவன்.